மறுபடியும் அதே எரர்

“மறுபடியும் அதே எரர்தான் காட்டுது! பொழுது விடிஞ்சா இதே ரோதனை. நீ வண்டிப் பக்கம் போய் எதையாவது நோண்டினியா?”

பழைய லாரியின் பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே மனைவி மீது எரிந்து விழுந்தார் லாரிக்காரர்.

“எனக்கு வேற வேலை இல்லையா?” என்றாள் அவள் மெதுவாக.

“அப்போ சென்சார்தான் போச்சு.”

கடைக்கு நடந்துபோய்ப் புது சென்சாரோடு திரும்பினார். எந்தப் பாகம் வாங்கினாலும் பெட்டி மூடியின் உள்பக்கம் தேதி எழுதி வைப்பது அவர் வழக்கம். மூடியைத் திறந்தவர் கொதித்துப்போனார்.

“அடப்பாவி! பழசை என் தலையில கட்டிட்டானே! ஏற்கெனவே ஆறு தேதி எழுதியிருக்கு பாரு. இப்பவே போய் அவனை உண்டு இல்லைன்னு பண்றேன்!”

மனைவி வாசலை மறித்து நின்றாள். “அது உங்க கையெழுத்துங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அவர் கையெழுத்தேதான். ஆறும் இந்த மாதத் தேதிகள்.

“வாங்கிட்டு வருவீங்க. மாட்டாமலே மறந்துடுவீங்க. நான் திருப்பிக் குடுத்துடுவேன். கடைக்காரரும் உங்களுக்குன்னே எடுத்து வச்சிருப்பார். வண்டி சரியானா ஓட்டிக்கிட்டுக் கிளம்பிடுவீங்களே... போன தடவை வீட்டுக்கு வழி தெரியாம மூணு நாள்...”

அவர் மறுபடியும் மூடியைப் பார்த்தார். கடைசித் தேதிக்குக் கீழே, அதே கையெழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது.

‘அவளைத் திட்டாதே.’