முழங்கால் உயரம்

தூளி அசைந்தது.

சமையலறையிலிருந்து அவள் அதைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

முதலில் ஒரு முனகல். பிறகு சின்னக் கால் ஒன்று புடவைத் துணியை உள்ளிருந்து உதைத்தது. பிறகு அழுகை.

போய் முழங்கையால் ஆட்டிவிட்டாள். “இன்னும் கொஞ்சம் தூங்கேண்டா தங்கம்.”

பசி அழுகை. ஆட்டத்துக்கு அடங்காது.

மதியங்களில் எதிர்வீட்டு மெர்சி அக்கா வந்து பிள்ளையைத் தூக்கி இவள் மடியில் வைத்துவிட்டுப் போவார். இன்று அந்தக் கதவில் பூட்டு. மாதவரத்தில் கல்யாணம் என்று காலையிலேயே சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

புருஷன் வேலையிலிருந்து வர நாலு மணியாகும்.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். இரண்டு மணிக்கட்டிலும் கறுப்புப் பட்டை. வலது கைக்குப் போன மாதம் வாங்கியது. இடது கைக்கு இந்த வாரம்.

முதல் பட்டை வாங்கிய அன்று மருத்துவர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொன்னார். அதன்மேல் நான்கு விரல்களையும் மூடச் சொன்னார். மூடிய கையைப் பிடித்துச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்த்தார். அவள் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பிள்ளை பெற்றவர்களுக்கு வருவதுதான் என்றார். கட்டைவிரலை இழுக்கும் தசைநார், மணிக்கட்டைக் கடக்கிற இடத்தில் வீங்கியிருக்கிறது. பட்டை போட வேண்டும். குறையாவிட்டால் ஊசி.

“பிள்ளையத் தூக்குறத மட்டும் கொஞ்ச நாளைக்கு விட்டுடும்மா.”

அவன்தான் சிரித்தான். “அப்ப யாரு மேடம் தூக்குறது, நானா?”

மருத்துவரும் சிரித்துவிட்டார்.

அழுகை ஏறிக்கொண்டே போனது. தூளிக்குள் எட்டிப் பார்த்தாள். முகம் சிவந்து, நாக்கு நடுங்கிக்கொண்டிருந்தது.

பட்டைகளைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள். அவற்றின் சொரசொரப்பு பிள்ளையின் தோலைக் கீறும். முன்கைகள் இரண்டையும் விறகு சுமப்பதுபோல் அடியில் நுழைத்தாள். உடம்பு வந்தது. தலை வரவில்லை. தலையை ஏந்த வேண்டுமென்றால் மணிக்கட்டைத் திருப்ப வேண்டும்.

திருப்பினாள்.

கைகளை வெளியே இழுத்துக்கொண்டாள்.

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளலாம். அவள் பயந்தது வலிக்கு அல்ல.

போன வெள்ளிக்கிழமையும் இப்படித்தான். தூளியிலிருந்து எடுத்து நிமிர்ந்தாள். மணிக்கட்டில் சுருக்கென்று ஏதோ ஓடியது. கை தானாகத் திறந்துகொண்டது.

பிள்ளை அவள் தொடையில் பட்டு, உருண்டு, கீழே கிடந்த மெத்தைமேல் விழுந்தது.

உடனே அழவில்லை.

அந்த இடைவெளி இன்னும் அவள் காதுக்குள் இருக்கிறது.

அழுத பிறகு தலை முழுக்கத் தடவிப் பார்த்தாள். வீக்கம் இல்லை. பால் குடித்தது. சிரித்தது. மறுநாள் தடுப்பூசி போட்ட நர்ஸிடம் மண்டையைக் காட்டி, ‘எல்லாம் சரியா இருக்குல்ல?’ என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து, கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினாலும் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறாள்.

அவனிடம் சொல்லவில்லை. சொன்னால், கை சரியாகும்வரை பிள்ளை ஆத்தூரில் தன் அம்மாவிடம் இருக்கட்டும் என்பான். பால் பவுடர் எதற்கு இருக்கிறது என்பான். ஒருமுறை விளையாட்டாகச் சொல்லியும் இருந்தான்.

அழுகை கம்மிப்போய், இருமலாக மாறியது.

அவள் தூளிக்கு முன்னால் மண்டியிட்டாள். துணியின் ஓரத்தை முழங்கையால் அழுத்தி இறக்கினாள். நைட்டியின் ஜிப்பைப் பற்ற விரல்கள் மறுத்தன. அதையும் பல்லால் இழுத்தாள். தலையையும் தோளையும் தூளிக்குள் கொண்டுபோனாள். துணிக்குள் பவுடரும் மூத்திரமும் கலந்த வெதுவெதுப்பு.

வாய் தேடியது. தவறியது. பிடித்துக்கொண்டது.

வீடு அமைதியானது.

முட்டி வலித்தது. இடுப்பு வலித்தது. அசைந்தால் தூளியும் அசையும் என்று அப்படியே இருந்தாள்.

கண்ணுக்கு நேரே பிள்ளையின் கை. கட்டைவிரல் உள்ளே. நான்கு விரல்கள் மேலே. மருத்துவர் மூடச் சொன்ன அதே மாதிரி.

அதற்கு வலிக்கவில்லை. சுகமாகக் குடித்தது.

எவ்வளவு நேரம் ஆனதோ. சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

“என்ன மேடம், தூளிக்குள்ள என்ன தேடுறீங்க?”

அவள் நைட்டியை இழுத்து மூடிக்கொண்டு எழுந்தாள். கால்கள் மரத்திருந்தன. அவன் முதுகுப் பையைக் கூட இறக்கவில்லை. குனிந்தான். ஒரு கை பிடரிக்கு, ஒரு கை இடுப்புக்கு. எடுத்துவிட்டான்.

அவ்வளவுதான் அது.

“அப்பாவ விட்டுட்டு அம்மாவும் நீயும் என்னடா பண்ணீங்க?”

பிள்ளை அவன் சட்டையில் கக்கியது.

“அய்யய்யே. இந்தா, பிடி, பிடி.”

நீட்டினான். அவன் நெஞ்சு உயரத்தில் பிள்ளை கால்களை உதறிக்கொண்டிருந்தது. கீழே மெத்தை இல்லை. காலையில்தான் மொட்டைமாடியில் காயப்போடச் சொல்லி அவனிடம் கொடுத்தாள்.

அவள் கைகளை நீட்டவில்லை.

தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கால்களையும் நீட்டி, இடைவெளி இல்லாமல் சேர்த்து வைத்தாள். அதன் பிறகு கைகளை, தொடையைத் தொடுமளவுக்குத் தாழ்த்தி ஏந்தினாள்.

“என்னடி இது, இந்நேரத்துல குளிப்பாட்டப் போறியா?”

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“கீழ கொண்டா” என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே குனிந்தான்.

“இன்னும் கீழ.”