தலைகீழ் அந்தோணியார்

“எவளோ ஒருத்தி மாப்பிள்ளை கிடைக்காம அல்லாடியிருக்கா” என்றாள் லியோனோர்.

சமையலறைச் சுவர் மாடத்தில், ஒரு சாண் உயர அந்தோணியார் தலைகீழாக நின்றிருந்தார். மொட்டைத் தலை கீழே, பாதம் மேலே, முதுகு சுவரில் சாய்ந்தபடி.

லிஸ்பனில் ஜூன் மாதம் அவருடையது. தொலைந்ததைத் தேடித் தருவதும் அவர் வேலை, வரன் பார்த்துத் தருவதும் அவர் வேலை. தாமதம் செய்தால் பெண்கள் அவரைக் கவிழ்த்து நிறுத்திவிடுவார்கள். கேட்டதைக் கொடுத்த பிறகுதான் மனிதர் நிமிர முடியும்.

“விளம்பரப் படத்துல இவரப் பாத்துத்தான் இந்த வீட்டையே புக் பண்ணேன்” என்றாள் லியோனோர். “பழைய வீடு, பழைய சாமி. வெளிநாட்டுக்காரங்க சொக்கிப் போயிடுவாங்க.”

கோயிம்பிராவில் சட்டப் படிப்பின் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு, திருவிழாவுக்காகத் தோழிகள் மூன்று பேரும் நேற்றுத்தான் ரயிலேறி வந்திருந்தார்கள். எந்தத் தெரு, எந்த வீடு என்று லியோனோர் கடைசிவரை சொல்லவில்லை. வாசலுக்கு வந்த பிறகுதான் விஷயத்தை உடைத்தாள். பல் டாக்டரான அவள் அப்பா இந்த வீட்டை வாங்கி, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறார். தங்கிப் பார்த்துவிட்டு மகள் சரி என்றால் திங்கட்கிழமை கையெழுத்து.

அதிலிருந்து ஜசிந்தாவின் முகம் சரியில்லை. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். குடும்பம் ஆற்றுக்கு அக்கரையில், பரெய்ருவில் இருந்தது.

“வாங்க வேண்டாம்னு உங்கப்பாகிட்ட சொல்லுடி” என்றாள்.

“ஏனாம்?”

“அந்த மூலை ஒழுகும். மழை வந்தா ராத்திரி பூரா வாளி மாத்திக்கிட்டு உக்காந்திருக்கணும்.”

லியோனோர் அண்ணாந்து பார்த்தாள். புது வெள்ளை; ஒரு கறை கிடையாது. ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

“மழையா? ஜூன்லயா?”

“விடுடி” என்றாள் மூன்றாமவள் பெனெதிதா. “அக்கரையில இருக்கிறவளுக்கு இக்கரையில எதப் பாத்தாலும் ஒழுகத்தான் செய்யும்.”

இருவரும் சிரித்தார்கள். ஜசிந்தா சிரிக்கவில்லை.

கீழே தெருவில் மத்தி மீன் சுடும் புகையும் பாட்டுச் சத்தமும் படியேறி வந்தன. நேற்றிலிருந்து அந்தத் தெருவில் இறங்கும்போதெல்லாம் ஜசிந்தா தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். சூரியன் போன பிறகும் அப்படித்தான்.

“பழைய காதலன் எவனாவது இந்தத் தெருவுல இருக்கானாடி?” என்றாள் பெனெதிதா.

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு இந்த வேஷம்?”

ஜசிந்தா போய் ஜன்னலைச் சாத்தினாள்.

“இன்னொரு நல்ல விஷயம்” என்று லியோனோர் ஆரம்பித்தாள். “வீட்டுக்காரரு முன்னாடி குடியிருந்தவங்கள எப்பவோ கிளப்பிட்டாராம். அப்பாவுக்கு அந்தத் தலைவலி இல்ல. நீதான முதல் மார்க், நீயே சொல்லு. குடியிருக்கிறவங்களக் காலி பண்ண வைக்கிறது அவ்வளவு கஷ்டமா?”

“கஷ்டமே இல்ல. அந்த வீட்டுல படிச்சவங்க யாரும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

“ஐயோ, ஆரம்பிச்சிட்டா. உல்லாசமா ரெண்டு நாள் இருக்கலாம்னு கூட்டிட்டு வந்தா கோர்ட்டு நடத்தறா.” லியோனோர் அருகில் வந்து அவள் தோளில் கை போட்டாள். “இங்க பாரு. உனக்குப் பொறாமை. ஒத்துக்கோ, நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

“ஆமா” என்றாள் ஜசிந்தா. “பொறாமைதான்.”

லியோனோருக்குத் திருப்தி. உண்மையை வரவழைத்துவிட்ட வக்கீல் போலத் தலையை ஆட்டிக்கொண்டே போனை எடுத்தாள்.

“அப்பா, எனக்குப் பிடிச்சிருக்கு. திங்கட்கிழமை போட்டுடுங்க கையெழுத்த… ஆமாப்பா, சாமியும் வீட்டோடதான்.”

போனை வைத்தவள் நேராக மாடத்துக்குப் போனாள். “இனிமே நான்தான் வீட்டுக்காரி. விளம்பரப் படத்துக்கு இவர் இப்படி நின்னது போதும். எவளோ கேட்ட மாப்பிள்ளைக்காக இந்த மனுஷன் எங்க வீட்டுல ஏன் தண்டனை அனுபவிக்கணும்? பாவம், நேரா நிக்கட்டும்.”

அவள் விரல் படுவதற்குள் ஜசிந்தா பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

“தொடாதடி.”

“கைய விடு, வலிக்குது.”

“கேட்டது கிடைக்கிற வரைக்கும் அவர நிமித்தக் கூடாது.”

“அடேயப்பா” என்றாள் பெனெதிதா. “உனக்கும் மாப்பிள்ளை வேணும்னா தனியா ஒரு அந்தோணியார் வாங்கிக்கோடி, கீழ விக்கிறாங்க.”

“அவளுக்குக் கிடைச்சுதோ இல்லையோ, நமக்கென்ன?” லியோனோர் கையை உதறப் பார்த்தாள். முடியவில்லை. “யாருன்னே தெரியாதவளுக்காக எங்கிட்ட ஏன்டி சண்டைக்கு நிக்கற?”

ஜசிந்தா பிடியைத் தளர்த்தவில்லை. ஆனால் குரல் மட்டும் இறங்கியிருந்தது.

“அவ மாப்பிள்ளை கேக்கல, லியோனோர். இந்த வீட்டக் காலி பண்ணிட்டுப் போன அன்னைக்கு, அவர அப்படி நிறுத்தினது நான்தான்.”