செங்கமலவல்லி என்ற புனைபெயர்

திருவள்ளூர் இன்ஸ்பெக்டர் பரசுராமனுக்கு சினிமா என்றாலே வேப்பங்காய். மனைவியின் நச்சரிப்பு தாங்காமல்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஆட்டத்துக்கு 'பதினேழாம் படி' பார்க்கப் போனார். கறுப்பு வெள்ளைப் படம். வாரப் பத்திரிகையில் தொடராக வந்து தமிழ்நாட்டுப் பெண்களையெல்லாம் அழவைத்த காதல் கதையாம். ஒரு வரி மாற்றாமல் எடுத்திருக்கிறார்கள் என்று மனைவி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கொட்டகையே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. கடைசிக் காட்சியில், கல்யாணமான காதலன் ஊர்வாய்க்குப் பயந்து நாயகியைக் கிணற்றில் தள்ளிவிடுகிறான். தள்ளியது போதாதென்று ஒரு முழுப் பாட்டும் பாடுகிறான். பிணத்தை வெளியே எடுத்து முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார்கள். உள்ளே பாதி கடித்த நெல்லிக்காய்.

பரசுராமனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், 1960-ல், அவர் இதே ஊரில் சப்-இன்ஸ்பெக்டர். சந்திரகலா என்ற பள்ளிக்கூட டீச்சர் திருப்பாச்சூர் போகிற வழியில் ஒரு கிணற்றில் பிணமாக மிதந்தாள். அவள் முந்தானை முடிச்சைத் தன் கையால் அவிழ்த்தவர் பரசுராமன். உள்ளே இருந்தது பாதி கடித்த நெல்லிக்காய். ஃபைலில் குறித்துக்கொண்டாரே தவிர, வெளியில் மூச்சுவிடவில்லை. டீச்சரின் டிரங்குப் பெட்டியில் ஒரு கட்டுக் காதல் கடிதங்களும் கிடைத்தன. ஒன்றிலும் கையெழுத்து இல்லை. எழுதியவன் யாரென்று தலைகீழாக நின்றும் கண்டுபிடிக்க முடியாமல், கால் தவறி விழுந்தாள் என்று கேஸை மூட வேண்டியதாயிற்று. அவர் கோட்டைவிட்ட ஒரே கேஸ் அதுதான். அந்த வயிற்றெரிச்சல் இன்றுவரை ஆறவில்லை.

கதை எழுதியவர் செங்கமலவல்லி என்று திரையில் போட்டார்கள். அது யாரென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதும் சடகோபன். பெண்டாட்டி பெயரில் ஒளிந்துகொண்டு காதல் கதை எழுதும் ஆண்பிள்ளைகள் அந்த நாளில் தெருவுக்கு ஒருத்தர் இருந்தார்கள். வாசகசாலைக்காரர்கள் மாலையோடு வந்தபோது சடகோபனும் கூச்சப்படாமல் கழுத்தை நீட்டினார்.

பரசுராமன் பட்டணம் போய்ப் பத்திரிகை ஆபீஸிலிருந்து கதையின் கையெழுத்துப் பிரதியை வாங்கிவந்தார். காதல் கடிதங்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். அதே முத்து முத்தான கையெழுத்து. போதாக்குறைக்கு, பத்திரம் எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு அத்தியாயத்தின் அடியிலும் 'எழுதியது: சடகோபன்' என்று போட்டிருந்தது.

மறுநாள் காலை கான்ஸ்டபிள் அரசப்பனைக் கூட்டிக்கொண்டு சடகோபன் வீட்டுக்குப் போனார். படம் பார்த்துவிட்டுப் பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து சடகோபன் உள்ளே காபிக்குக் குரல் கொடுத்தார். கடிதக் கட்டை எடுத்துப் போட்டதும் மனுஷருக்கு வியர்த்துக் கொட்டியது. டீச்சரோடு பழக்கம் உண்டு, ஆனால் அவள் செத்ததற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்று சத்தியம் பண்ணினார்.

"நெல்லிக்கா விஷயத்த நான் யார்கிட்டயும் சொன்னதில்ல," என்றார் பரசுராமன். "இந்தக் கதைய எழுதினது யாரோ, அவங்க அன்னைக்குக் கிணத்தடியில இருந்திருக்காங்க."

சடகோபன் குரல் தழைந்து, "நான் எழுதலை சார். என் ஆத்துக்காரிதான் எழுதினா. நான் நகல்தான் எடுத்தேன்," என்றார்.

தன் எழுத்து கோணல் என்று சொல்லி அவள்தான் நகல் எடுக்கச் சொன்னாளாம். பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று எப்படிக் கேட்பதில்லையோ, அப்படியே இதையும் கேட்காமல் எழுதினாராம். அவள் எழுதியதெல்லாம் அன்றன்றைக்கே அடுப்புக்குப் போய்விட்டதாம். ஊர் தன்னைப் புகழ்ந்தபோது இல்லையென்று சொல்ல மனசு வரவில்லையாம்.

அரசப்பன் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான். "இன்னா சாமி, மாலைன்னா உங்களுக்கு, தூக்குக் கயிறுன்னா அந்தம்மாவுக்கா?"

செங்கமலவல்லி காபியோடு வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் தம்ளர் கைதவறி விழுந்தது.

"நேக்கு எழுதப் படிக்கத் தெரியாது சார்," என்றாள். "எங்கப்பா பள்ளிக்கூடத்துக்கே அனுப்பலை."

அக்கம்பக்கத்தில் விசாரித்ததில், அவள் கையில் ஒரு புத்தகத்தைக்கூடப் பார்த்ததில்லை என்றார்கள். சடகோபன் அவளைக் கெஞ்சினார், திட்டினார், கடைசியில் குழந்தை மாதிரி அழுதார். கட்டிய மனைவிமேல் பழிபோடும் ஆளைப் பார்க்கவே பரசுராமனுக்குச் சகிக்கவில்லை. ஜீப்பில் ஏற்றச் சொன்னார்.

ஒரு பாவமும் அறியாத அந்த அம்மாளிடம் வாக்குமூலம் வாங்குவதுதான் பாக்கி. டீச்சர் செத்த அன்று மத்தியானம் வெளியே போன புருஷன் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பினார் என்று அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். அரசப்பன் சடசடவென்று எழுதித் தாளை அவள்முன் நீட்டி, மை டப்பாவைத் திறந்தான். மையில் ஒற்றிய கட்டைவிரலைத் தாளருகே கொண்டுபோனவள் சட்டென்று நிறுத்தினாள்.

"மூணாவது வரியில வெள்ளிக்கிழமைன்னு இருக்கு. அவர் வெளியில போனது வியாழக்கிழமை சார்."

நல்ல வேளை. கோர்ட்டில் இந்த ஒரு தப்பு போதும், கேஸ் படுத்துவிடும். பரசுராமன் அரசப்பனை முறைத்துவிட்டுத் தாமே கிழமையை அடித்துத் திருத்தினார். திருத்தத்துக்குப் பக்கத்தில் ஒன்றும், அடியில் ஒன்றுமாக இரண்டு கைநாட்டு வாங்கிக்கொண்டு, தைரியமாக இருக்கும்படி சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

ஜீப் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்ற பிறகுதான், அந்த வாக்குமூலத்தைத் தாமோ அரசப்பனோ அவளுக்குப் படித்துக்காட்டவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது.