காக்காய்க் கடி

பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மேகலா மாத்திரை விழுங்க வேண்டும். அம்மா இறந்து சித்தி வீட்டுக்கு வந்ததிலிருந்து இப்படித்தான். எதற்கென்று கேட்டால், "சத்து மாத்திரைடி, பேசாம முழுங்கு" என்பாள் சித்தி. சித்தி மகள் துர்காவுக்குத் தீராத பொறாமை. "அக்காவுக்குச் சத்து, எனக்கு மட்டும் அடியா?" என்று இன்றும் அழுதாள். மேகலாவுக்குப் பொறுக்கவில்லை. மாத்திரையைப் பாவாடை நுனியில் சுற்றிக் காக்காய்க் கடி கடித்து, பாதியை அவள் வாயில் போட்டாள். சித்தி பாய்ந்து வந்து துர்காவின் தொண்டைக்குள் விரலை விட்டுத் துப்பவைத்தாள்.

"எச்சில் படல சித்தி. துணியில வச்சுத்தான் கடிச்சேன்."

சித்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"சத்துமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல! அது எய்ட்ஸ் மாத்திரைடி. உங்கம்மாவுக்கு இருந்தது உனக்கும் இருக்கு."