கரையில் நின்றவன்

துண்டை அவனிடம்தான் கொடுத்திருந்தார்கள்.

ஆற்றில் இடுப்பளவு தண்ணீர். ஜெபசிங் முன்னால் இறங்கி, வீரையாவின் கையைப் பிடித்து மெல்ல உள்ளே அழைத்துப் போனான்.

அந்தக் கையைத் தானே பிடித்திருக்க வேண்டும் என்று கரையில் துண்டோடு நின்றவன் நினைத்தான்.

கரையில் சபையார் ஞானஸ்நானப் பாட்டுப் பாடினார்கள். அவனும் வாயசைத்தான்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மலேசியச் சிற்றூருக்கு ஊழியம் செய்ய வந்தவன் அவன். இரண்டு வருடம் முடியப்போகிறது. அடுத்த வாரம் விமானம். அவன் இடத்துக்கு வந்தவன் ஜெபசிங். வந்து மூன்று வாரம்தான்.

இரண்டு வருடமும் வியாழக்கிழமை மாலைகளில் அவன் வீரையா வீட்டில்தான் இருந்தான். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்ந்தவர் அவர். மனைவி இறந்துவிட்டாள். மகன் சிங்கப்பூரில். வியாழனன்று அவன் உள்ளே நுழைந்ததும் வீரையா நாற்காலியைத் துடைத்துப் போடுவார். பிறகு ஒரு கேள்வி கேட்பார்.

நல்லவர்களுக்கு ஏன் கஷ்டம் வருகிறது?

என் பெண்டாட்டி மாரியம்மனைக் கும்பிட்டவள். இப்போது எங்கே இருக்கிறாள்?

அவனுக்குப் பதில் தெரியாது. வாரம் முழுக்கப் படித்துவிட்டு அடுத்த வியாழன் போவான். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். தலையாட்டுவார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு தம்பி," என்பார்.

மற்ற வீடுகளில் ஞானஸ்நானத்துக்குச் சரி என்றார்கள், அல்லது இனி வராதீர்கள் என்றார்கள். வீரையா இரண்டையும் சொல்லவில்லை.

அவன் ஜெபத்தில் மற்றவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவான். இவரை மட்டும் 'என் வீரையா' என்பான்.

பிறகு ஜெபசிங் வந்தான்.

முதல் வியாழன் அவன் ஜெபசிங்கைக் கூட்டிக்கொண்டு போனான். ஜெபசிங் வேதாகமத்தைத் திறக்கவே இல்லை. வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று வீரையா சொன்னதும் தரையில் படுத்து அதன் அடியில் தலையை விட்டான். தண்ணீர் பீய்ச்சி ஜெபசிங்கையும் வீரையாவையும் நனைத்தது. வீரையா விழுந்து விழுந்து சிரித்தார்.

அவருக்கு முன்பல் ஒன்று இல்லை என்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

புறப்படும்போது வீரையா, "மெக்கானிக் பாஸ்டர், அடுத்த வாரமும் வாங்க," என்றார். ஒரே நாளில் பட்டப்பெயர். இரண்டு வருடம் வந்த அவன் இன்றுவரை வெறும் தம்பி.

வழியில் ஜெபசிங்கின் பேண்ட்டில் ஒட்டியிருந்த கறையைக் காட்டி, ஊழியக்காரன் சுத்தமாக இருக்க வேண்டும் என்றான்.

"சரிண்ணே," என்றான் ஜெபசிங்.

அப்படி உடனே பணிந்துபோனதும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது வியாழன் அவன் போகவில்லை. ஊருக்குக் கொண்டுபோகக் கோடாரித் தைலமும் சாக்லெட்டும் வாங்க ஈப்போ நகரத்துக்குப் போயிருந்தான். திரும்பியபோது ஜெபசிங் வாசலிலேயே நின்றிருந்தான்.

"அண்ணே, வீரையா சரின்னுட்டாரு. ஞானஸ்நானம் எடுக்காராம்."

அவன் பைகளைக் கீழே வைத்தான். சந்தோஷம் என்றான்.

அன்று அவனால் ஜெபிக்க முடியவில்லை.

யாரிடம் சரி என்று சொன்னாரோ அவரே தண்ணீரில் இறங்கி ஞானஸ்நானம் கொடுக்கட்டும் என்றுவிட்டார் போதகர். அது அந்தச் சபையின் வழக்கம்.

இப்போது ஜெபசிங் வீரையாவின் முதுகைத் தாங்கிப் பின்னால் சாய்த்தான். நரைத்த தலை தண்ணீருக்குள் போனது.

ஜெபசிங்குக்குக் கால் வழுக்கட்டும் என்று அவன் நினைத்தான்.

வழுக்கவில்லை.

வீரையா எழுந்தார். அல்லேலூயா என்றார்கள். அவர் கரையேறி நேராக அவனிடம் வந்தார். அவன் துண்டை நீட்டினான். முகத்தைப் பார்க்கவில்லை.

"கோபமா தம்பி?"

"இல்லையே. சந்தோஷம்தான்."

அவர் தலையைத் துவட்டினார். துண்டுக்குள்ளிருந்தே பேசினார்.

"நீங்க வந்த வருசமே நான் சரின்னு சொல்லியிருப்பேன். எதிர்வீட்டுச் சின்னம்மா சரின்னு சொன்னாங்க. முழுக்கு எடுத்தாங்க. அதுக்கப்புறம் நீங்க அவங்க வீட்டுக்குப் போனதே இல்ல. புது வீடு தேடி வேற சடக்கு, வேற தெருன்னு போயிட்டீங்க."

அவன் ஆற்றைப் பார்த்தான்.

"கேள்வி இருக்கிற வரைக்கும் வருவீங்கன்னு தெரிஞ்சுச்சு. வாராவாரம் ஒண்ணு யோசிச்சு வச்சேன். இப்ப நீங்களே போறீங்க. இனிமே கேள்வி கேட்டு இழுத்து என்ன ஆவப்போவுது? உங்க மூஞ்சியப் பாத்துச் சரின்னு சொல்ல முடியல. அதான் அந்தத் தம்பிகிட்ட சொன்னேன்."

ஜெபசிங் ஈரம் சொட்டச் சொட்ட அவர்களிடம் ஓடி வந்தான். போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள்.

சபை வேனில் திரும்பினார்கள். வீரையாவை அவர் வீட்டில் இறக்கிவிட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

ஜெபசிங் உற்சாகமாக இருந்தான். "இனி வியாழக்கிழமைக்குப் புது வீடு பாக்கணும்ணே. ஸ்டேஷன் பக்கம் ஒரு குடும்பம் இருக்காம்."

"வீரையா வீட்டுக்கே போ."

"அவருதான் எடுத்தாச்சே. இனி எதுக்கு?"

"சும்மா போ. போய் உக்காந்திரு. எல்லா வியாழனும்."

ஜெபசிங் அவனை ஒருமாதிரி பார்த்தான். பிறகு சரி என்று தலையாட்டினான்.

வேன் செம்பனை மரங்களுக்கு நடுவே ஓடியது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல மனம் வரவில்லை. அதையும் கொடுத்துவிட்டால் தன்னிடம் எதுவும் மிஞ்சாது என்று தோன்றியது. ஊர் எல்லை வந்தபோது ஜெபசிங் பக்கம் திரும்பினான்.

"டீயில சீனி அள்ளிப் போட்டுத் தருவாரு. வேண்டாம்னு சொல்லிராத. அவருக்கு மூஞ்சி வாடிரும்."

"தெரியும்ணே," என்றான் ஜெபசிங்.