தாத்தாவுக்குப் பிடித்தது

மெக்சிகோவின் வஹாகா ஊரில் அன்று, இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாள். தன் தாத்தாவின் படத்தைச் சாமந்திப் பூக்களுக்கு நடுவே வைத்துவிட்டு, அன்செல்மோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இட்செல், வெல்லப்பாகுல வெந்த பூசணித் துண்டு வைம்மா. தாத்தாவுக்கு உசிரு. என்னைத் தோள்ல தூக்கிட்டுச் சந்தைக்குப் போயி ஆளுக்கு ஒண்ணு வாங்குவாரு."

மகள் வைத்தாள். "வேற என்னப்பா?"

"இனிப்பு ரொட்டி நாலு. அப்புறம் சூடா சாக்லேட் கரைச்சு வை, சர்க்கரை தூக்கலா. அவர் கோப்பையிலதான் நான் ரொட்டியைத் தோய்ச்சுத் தின்னேன்."

இட்செல்லுக்கும் கண் கலங்கியது.

அப்போதுதான் வெளியூரிலிருந்து அன்செல்மோவின் அக்கா எவுலாலியா வந்தார். வாசலிலேயே எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"ஏன்டா, தாத்தா போயி ஆறு வருஷம் கழிச்சுத்தானே நீ பொறந்தே? யாரு தோள்ல போனே?"

இட்செல் படையலைத் திரும்பிப் பார்த்தாள். போன மாதம் அப்பாவுக்குக் கூடாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் வரிசையாக இருந்தது. இறந்தவர்கள் வந்து வாசனையை மட்டும் எடுத்துக்கொண்டு போனதும், மிச்சத்தைத் தின்பது வீட்டில் இருப்பவர்கள்தானே!

"அப்பா! உங்களுக்கு சுகர் முந்நூறு!"

"படையலை வேண்டாம்னா தாத்தா கோவிச்சுக்குவாரும்மா."

எவுலாலியா கொஞ்சம் யோசித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தார்.

"பாட்டிக்கு மட்டும் ஒண்ணும் வைக்கலியே. உப்புப் போட்டு வறுத்த பன்னித்தோல்னா பாவம், எவ்வளவு ஆசை அவளுக்கு!"

"அத்தை, உங்களுக்கு பிரஷர் இருக்கு."

"எனக்கா கேட்டேன்? பாட்டிக்குடி! மொறுமொறுன்னு பார்த்து வாங்கு."