ஊதா முக்காடு

ஜுமானாவின் தலையணைக்கு அடியிலிருந்து தன்னுடைய ஊதா முக்காட்டை உருவி எடுத்தபோது இப்திஹாலுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

வெறும் திருட்டு என்றால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஒன்பது வயதுப் பெண், நிறத்தைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கும் என்று விட்டுவிடலாம். ஆனால் அலமாரியில் துவைத்து மடித்த முக்காடுகள் ஏழெட்டு இருக்கும்போது, குளியலறைக் கூடையில் அழுக்குக்குப் போட்டதையா ஒருத்தி எடுப்பாள்?

உடுத்திக் கழற்றிய துணி. வேர்வை மணம் போகாத துணி. அது எதற்கு உதவும் என்று அலெக்சாந்திரியாவில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். செய்வினை வைக்கிறவன் முதலில் கேட்பதே அதைத்தான்.

டிராம் பணிமனையிலிருந்த கணவனுக்குப் போன் போட்டாள்.

"வக்தி, இப்பவே வீட்டுக்கு வா. உன் மக எனக்குச் சூனியம் வைக்கத் துணி எடுத்துக் குடுக்கறா."

"யாருக்குக் குடுக்கறா?"

"வெள்ளிக்கிழமை தவறாம வந்து நிக்கறாளே உன் மொதப் பெண்சாதியோட அக்கா, அவளுக்குத்தான். தங்கச்சி செத்து ரெண்டு வருஷம் ஆகியும் இந்த வீட்டு வாசலை விட மாட்டேங்கறாளே, வேற எதுக்காம்?"

கல்யாணமாகி மூன்று வாரம் ஆகிறது. இதுவரை அந்தப் பெண் அவளை அம்மா என்றோ சித்தி என்றோ கூப்பிட்டதில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் 'அப்பாவோட பெண்சாதி' என்பாள். அதோடு போகவில்லை. ஒரு வாரமாகக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். முதலில் ரொட்டியையும் அவரை மசியலையும் தட்டில் எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு நடையில் உட்கார்ந்தாள். நேற்று கூடத்து நிலைப்படியில் உட்கார்ந்து, பிச்சைக்கு வந்தவள் மாதிரி தின்றாள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? புதிதாக வந்தவள் சோறு போடாமல் துரத்துகிறாள் என்றுதானே?

இப்திஹாலைப் பொறுமை இல்லாதவள் என்று ஒருவரும் சொல்ல முடியாது. அதற்குச் சாட்சி சோபாவிலேயே படுத்துக் கிடந்தது.

அவள் தன்னோடு கொண்டுவந்த குட்டிப் பூனை புந்துக். இந்த வீட்டில் ஏற்கெனவே இருந்தது சிம்சிம், செத்துப்போனவள் வளர்த்த பெரிய பூனை. முதல் நாளே சிம்சிம் பாய்ந்து குட்டியின் மூக்கைப் பிறாண்டியது. தடுக்கப் போன இப்திஹாலின் முழங்கையையும் கிழித்தது. வக்தி ஆத்திரத்தில் அதைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, தெருவில் விட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். மறித்தவள் இப்திஹால்தான்.

"விடு அதை. அது இருந்த வீடு. எவளோ திடீர்னு உள்ள வந்து நின்னா சீறத்தான் செய்யும்."

கையில் ரத்தம் வழிய வழிய அப்படிச் சொன்னாள். குட்டியைத் தனியறையில் வைத்து, என்னென்னவோ பாடுபட்டு, பத்தே நாளில் இரண்டையும் சேர்த்துவிட்டாள். இப்போது ஒன்றின் வயிற்றில் ஒன்று தலை வைத்துத் தூங்குகிறது. வாயில்லா ஜீவனுக்கு இருக்கிற அறிவுகூட இந்தப் பெண்ணுக்கு இல்லையே என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை.

வக்தி வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றபோது பெட்டி தயாராக இருந்தது. ஜுமானாவின் உடைகள், பள்ளிப் புத்தகங்கள், செருப்பு எல்லாம் உள்ளே.

"நாலு மணிக்கு தமன்ஹூருக்கு ரயில் இருக்கு. பெரியம்மா வீட்டுலயே வளரட்டும். இல்லேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். நீயே சொல்லு, யார் போறது?"

வக்தி மகளைப் பார்த்தான். அவள் பெட்டியைப் பார்த்தாள்.

"பெரியம்மாகிட்ட துணி குடுத்தியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"பின்ன எதுக்கு எடுத்தே?"

இரண்டு முறை கேட்டான், மூன்றாம் முறை மேஜையில் ஓங்கி அறைந்தான். பூனைகள் இரண்டும் விழித்துக்கொண்டன. ஜுமானா தலையைக் குனிந்துகொண்டாள். அவன் பெட்டியைத் தூக்கினான்.

இப்திஹால் முக்காட்டை ஜுமானாவின் முகத்துக்கு நேரே உதறினாள்.

"கேட்டிருந்தா நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுத்திருக்க மாட்டேனா? இந்த அழுக்குத் துணி எதுக்குடி உனக்கு?"

"துவைச்சா வாசனை போயிடும்."

"என்ன வாசனை?"

"உங்க வாசனை."

மூன்று வாரத்தில் முதல் தடவையாக ஜுமானா அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாள். கண் நிறைந்திருந்தது, குரலில் கோபமும் இருந்தது.

"புந்துக் படுத்த துணியை சிம்சிம் மெத்தையில நீங்கதானே போட்டீங்க? வாசனை பழகிட்டா அப்புறம் சீறாதுன்னு சொன்னீங்க. கதவுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சோறு வெச்சு, தினமும் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட நகர்த்தினீங்க. நானும் அப்படித்தான் செஞ்சேன். நேத்து நிலைப்படி வரைக்கும் வந்துட்டேன்."

வக்தி பெட்டியைக் கீழே வைத்தான். இப்திஹாலின் கையில் முக்காடு தொங்கியது.

ஜுமானா மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"பூனைக்குப் பத்து நாள் குடுத்தீங்க. எனக்கு இன்னிக்கு ஏழாவது நாள்தானே ஆகுது?"